வெற்றிடத்தில் ஒரு பட்டன்

பிளவ்டிவ் நகரில் ஒரு பல் மருத்துவமனையின் இணையதளம் என் பொறுப்பு. அங்கே பல் பார்த்துவந்த டாக்டர் வெலிச்கா இறந்ததும் பக்கத்திலிருந்து அவர் படத்தை நீக்கினேன். அதன்பிறகும் தினமும் நாற்பது பேர் அந்த வெற்றிடத்திலேயே அழுத்தினார்கள்.

"கைப்பழக்கம், சோர்னிட்சா! அழுத்துற இடத்துல ஒரு பட்டனை வச்சுத் தொலையேன்," என்று சிரித்தான் கூட வேலை பார்க்கும் ஓக்ன்யான்.

'முன்பதிவு' என்று வைத்தேன். சோதித்துப் பார்க்க என் பெயரையே பதிந்தேன்.

திங்கட்கிழமை, மருத்துவமனை வரவேற்பாளர் பென்கா போன் செய்தாள்.

"ஏம்மா, வெலிச்கா ரூம் அவங்க போனதுலேர்ந்து பூட்டித்தான் கிடக்கு. இப்ப அதுலேர்ந்து ஒருத்தர் வாயில பஞ்சோட வெளிய வர்றாரு. டாக்டரம்மா கை பட்டும் வலியே தெரியலையாம், எப்பவும்போல."

போனை வைக்காமலே பட்டனை எடுத்துவிட்டேன்.

போனில், பென்காவுக்குப் பின்னால், ஒரு பெண்குரல் பொறுமையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.