கதவு தட்டும் பக்கம்

கரடி மாமா விரல் முட்டியால் மேசையில் மூன்று முறை தட்டினார்.

டக். டக். டக்.

இரண்டாம் வகுப்பு கூரை அதிரக் கத்தியது.

அது சந்தோஷக் கத்தல். இருபத்திரண்டு வருடங்களாக எத்தனையோ பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பழகியது. இந்த ஓர் இடத்துக்காகத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கே தெரியும். அவரே எழுதி அவரே படம் வரைந்த புத்தகங்கள் முப்பது தேறும். குழந்தைகள் கேட்பதோ இந்த ஒன்றைத்தான். சொந்தப் பெயர் வங்கிக்கும் மனைவிக்கும் மட்டுமே நினைவிருக்கிறது. மனைவியும் கோபம் வந்தால், 'போதும், கரடி விடாதீங்க' என்பாள்.

புத்தகத்தைக் குழந்தைகள் பார்க்கும்படி விரித்துப் பிடித்திருந்தார்.

படத்தில் ஒரு கரடி வீடு. வெளியே மழை. அம்மா கரடி விளக்கை ஊதி அணைக்கிறது. அக்கா கரடி தன் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதன் கை தம்பியின் வாயைப் பொத்தியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ.

தாளைத் திருப்பினால், வாசலை அடைத்துக்கொண்டு அப்பா கரடி. கையில் தேன் பானை. எல்லோருக்கும் தேன், ஆட்டம், பாட்டு, சுபம்.

படப் புத்தகக்காரர்களின் பிழைப்பே இந்தத் திருப்பலில்தான் ஓடுகிறது. கேள்வியை வலது பக்கத்தில் வைத்துவிட்டு, பதிலைத் தாளுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். அதற்குள் கேட்கிறவர்களை எவ்வளவு தவிக்க விடுகிறோமோ அவ்வளவு வெற்றி.

இத்தனைக்கும் அப்பா கரடி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த ஆள். அவர் முதலில் கொண்டுபோன கதை கதவு தட்டுவதோடு முடிந்துவிட்டது. பதிப்பகத்து அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்தித் தூங்க அனுப்பக் கூடாது, ஏதாவது செய்யுங்கள் என்றார். அந்த மேசையிலேயே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தேன் பானையை வரைந்து நீட்டிவிட்டு வந்தார். இதைப் பேட்டிகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்.

திருப்பச் சொல்லி வகுப்பு பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று எல்லா முகங்களையும் ஒரு சுற்று பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் இரண்டு தலைகள் குறைந்தன.

குனிந்து பார்த்தார். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் இருந்தாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணையும் உள்ளே இழுத்துப் போட்டிருந்தாள். அந்தச் சின்னவளுக்கு இது விளையாட்டு. களுக்கென்று சிரிக்கப் பார்த்தாள். சடைக்காரி அவள் வாயைப் பொத்தினாள்.

விளையாடுகிற பிள்ளை நடுவில் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கும். இவள் பார்க்கவில்லை. மற்றொரு கையால் சத்தம் வராமல் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவசரமே இல்லை. பல் தேய்ப்பதைப் போல, தினமும் செய்து பழகிய வேலையாக அதைச் செய்தாள்.

கரடி மாமா தாளின் ஓரத்திலிருந்து கட்டைவிரலை எடுத்தார்.

முட்டி வலிக்க அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தார். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பக்கத்தைத் திருப்பாதீங்க மாமா. அப்பா வந்துடுவாரு."

தேன் பானை இருக்கிறதே என்று சொல்ல வாய்வரை வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். தேன் பானை அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

புத்தகத்தை மூடினார். இன்றைக்குக் கதை இவ்வளவுதான் என்றார். முப்பத்தாறு பேரும் ஏமாந்துபோய் முனகினார்கள். வகுப்பு ஆசிரியையின் முகம் சுருங்கிவிட்டது.

அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார். ஆசிரியை பொறுமையாகத்தான் கேட்டார். அவள் எப்போதும் அப்படித்தான், சுத்தப் பயந்தாங்கொள்ளி, யாராவது கைதட்டினாலே பதறுவாள் என்றார். அப்பா தங்கமான மனிதர், ஒருநாள் தவறாமல் வாசலில் வந்து நின்று கூட்டிப் போகிறார் என்றார். கதை எழுதுகிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கற்பனை ஓடும் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். கேட்டுக்கு வெளியே இப்போதே இரண்டு மூன்று பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் யார் அவளுடைய அப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோருமே தங்கமான மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள்.

ஆசிரியை உள்ளே போகத் திரும்பினார். விட்டால் அவ்வளவுதான், அந்தப் பெண் ஷூவை மாட்டிக்கொண்டு அந்த ஆளின் கையைப் பிடித்துப் போய்விடுவாள்.

கரடி மாமா குறுக்கே போய் நின்றார். பேட்டியில் சொன்னதில்லை, பதிப்பகத்து அம்மாவிடம் சொன்னதில்லை, முப்பது வருடம் கூட வாழ்கிற மனைவியிடமும் சொன்னதில்லை. கதவு தட்டும் பக்கத்தை விரித்து ஆசிரியையின் முன்னால் நீட்டினார்.

"இது கற்பனை இல்ல டீச்சர். வாயைப் பொத்திக்கிட்டு இருக்கிறது எங்க அக்கா. உள்ள படுத்திருக்கிறது நான்."