நாலு இடத்து மண்

கண்ணாடிக் குழாயில் மண்ணும் தண்ணீரும் கலந்து நின்றன. குத்தகைக்காரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பரிசோதகர் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றைக் கிழித்தார். பச்சையானால் மண் தேறிவிட்டது. சிவந்தால் பழைய புளிப்பு அப்படியே இருக்கிறது.

குத்தகை இன்றோடு முடிகிறது. மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு என்று நிலக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எதை நட்டாலும் வேர் கருகிய நிலம் அது. புருஷனும் பெண்டாட்டியும் வருஷா வருஷம் சுண்ணாம்புத் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டி, இருமி இருமி உழுதார்கள். போன வெள்ளாமையில்தான் நிலம் முகம் கொடுத்தது. அதை ஊரெல்லாம் பீற்றி நிலக்காரர் காதுவரை கொண்டுபோனவனும் இவன்தான். ஓட்டைவாய்!

பரிசோதகர் மண் கேட்டதும் இவன் மண்வெட்டியோடு கிளம்பினான். பெண்டாட்டிதான் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் மண் எடுத்து வந்தாள்.

"ஒரே இடத்துல எடுக்கலையேம்மா?"

"நாலு இடத்துல எடுத்தேன் சார்."

பட்டை நனைந்தது. ஆரஞ்சானது. பச்சைப் பக்கமே போகாமல் சிவந்துவிட்டது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை பாடும் வீணா?

நிலக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "உன் வாய்தான்யா தேறியிருக்கு, மண்ணு தேறல."

அங்கேயே போனை எடுத்தார். "மாப்ளே, நீங்க வேலைய விட்டுட்டு வந்துடாதீங்க. இந்த மண்ண நம்பி விவசாயம் பண்ண முடியாது. இன்னும் அஞ்சு வருஷம் இவனே கட்டிக்கிட்டு அழட்டும்."

கார் மேலேயே காகிதத்தை வைத்து, குத்தகையை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பரிசோதகரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. மண் தேறியிருந்தால் நிலம் மருமகனுக்குப் போயிருக்கும்.

மெல்லப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "எங்கடி எடுத்த மண்ணு?"

"தூள் பத்தாம விட்டோமே, அந்த மூலையில. நாலு குழியும் அங்கயேதான்."

"மாப்ள வர்றது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே காதுல விழுந்துச்சு. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவள் நறுக்கென்று கையைக் கிள்ளினாள்.

"மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டு நில்லுங்க. கார் இன்னும் வளைவு தாண்டல."