மன்னரோடு வந்தவர்

“பதினெட்டு வயதானவன் தன் உடலுக்குத் தானே மன்னன்!” என்று முழங்கி, சிறுவர் கிளினிக்கின் பெரிய டொக்டர், கிட்னி மாற்றிக்கொண்ட டிலக்சனுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்.

மறுமாதம் பெரியவர்கள் கிளினிக்கில் மன்னருக்கு அறுபத்துநாலாம் நம்பர். நரைத்த தலைகளுக்கெல்லாம் பை தூக்க மகளோ மருமகனோ வந்திருந்தார்கள். டிலக்சனிடம் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் விழுங்கக் குளிசை இருந்தது.

“ஆரு மகன் உங்களோட வந்த?” என்றாள் தாதி.

“ஒருத்தரும் வரத் தேவையில்ல மிஸ். நான் வளந்திட்டன்.”

“வளந்தவங்களும் ஆளோட வந்தாத்தான் இஞ்ச குளிசை. கிட்னி தந்த ஆரு?”

“அம்மா.”

“அவவ வீட்ட விட்டுட்டு வந்து கெப்பரா கதைக்கிறீங்க, என்ன?”

அவனுடைய கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த அம்மாவின் நம்பருக்குத் தாதியே அழைத்தாள்.

டிலக்சனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அம்மா இறந்து எட்டு மாதமாக அந்தப் போனை அவன்தான் பாவிக்கிறான்.