தாலிக்காசின் நீலம்

"இவ அப்பன் போட்ட காசு கறுத்துப்போச்சு பாரு. பித்தளைய வச்சுப் பொண்ணக் கட்டிக்கொடுத்துட்டான்" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்பா மீதான பழி தாளாமல், கல்லூரியில் வேதியியல் நடத்தும் தமயந்தி, தாலியில் கோர்த்திருந்த அந்தக் காசை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள். சுரண்டிய தூளில் நைட்ரிக் அமிலம் விட்டாள். தங்கம் அதில் கரையாது. பழுப்புப் புகை கிளம்பித் தூள் முழுவதும் கரைந்தது. அம்மோனியா சேர்த்ததும் குழாய்க்குள் கருநீலம் படர்ந்தது. தாமிரம். அப்படியானால் பித்தளையேதான்.

அப்பாவா? இருக்க முடியாது. கல்யாணத்தன்று மாமியாரே ஆசாரியை அழைத்து, சபை நடுவே உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, தங்கம்தான் என்று ஒத்துக்கொண்ட காசு. அதன் பிறகு, இன்றைக்கு முன்னால், தாலி அவள் கழுத்தைவிட்டு இறங்கியது ஒரே ஒரு தடவைதான். பிரசவ ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் கழற்றச் சொன்னபோது, கணவன் பூபதியின் உள்ளங்கையில் வைத்து, பத்திரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் பூபதி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன டீச்சரம்மா, ரிசல்ட் வந்துருச்சா?" என்றாள் மாமியார்.

"பித்தளதான் அத்தை. ஆனா எங்கப்பா போட்டது இது இல்ல."

பூபதி நிமிரவில்லை. துடைத்து முடித்த குழந்தையின் வாயை மறுபடியும் துடைத்தான்.