அவள் சொன்னதாக

அவள் எழுந்து நின்றபோது பிரசங்கம் பாதியில் இருந்தது.

“நான் அப்படிச் சொல்லல சாமி.”

சத்தமாகத்தான் சொன்னாள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

பங்குச்சாமி தெயோப்பிலுஸ் நன்றாகப் பிரசங்கம் வைப்பவர். வேதத்தில் ஒரு வரி, அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு கதை. சந்தையில் பார்த்தது, பேருந்தில் கேட்டது. அந்தக் கதைக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிறுதோறும் அது வீடியோவாகவும் போனது.

இன்றைக்கு அவள் கதை.

பெயர் சொல்லவில்லை. நம் பங்கில் ஒரு தாய் என்றார். ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்த தாய். உடலைக்கூடப் பார்க்காத தாய். “எல்லாம் ஆண்டவருடைய சித்தம் சாமி என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார். அந்த விசுவாசம் நமக்கு இருக்கிறதா?”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பெயர் எதற்கு? இந்தக் கரையில் பிரகாசியை விட்டால் வேறு யார்?

கொடுத்த தாயாம். அவள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவள் மகன் கஸ்பார் ஏறவில்லை. பிடுங்கிக்கொண்டதைப் போய்க் கொடுத்தது என்கிறார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தது உண்மை. அலைக்குள் இறங்கிப் போனவளைப் பெண்கள் இழுத்துவந்து உட்காரவைத்திருந்தார்கள். நாத்தனார் கித்தேரி துண்டைப் போட்டு அவள் தலையை அழுத்தித் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டிய கைக்குத் தலை முன்னும் பின்னும் ஆடியது.

அப்போதுதான் அவர் குனிந்து கேட்டார். எல்லாம் ஆண்டவருடைய சித்தம், இல்லையாம்மா?

தலை ஆடியது.

அவ்வளவுதான் அவள் சொன்னது.

அதற்கு முன்னால், கரையில் வைத்து, அவள் வாயிலிருந்து வந்தது வேறு. வானத்தைப் பார்த்து அவள் ஏசியதைக் கேட்டுக் கித்தேரி காதைப் பொத்தினாள். அதை யாரும் சாமியிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரசங்கத்தில் வந்திருக்காது.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வந்தாள், போனாள். ஆண்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

“மைனி, உக்காருங்க. ஊரே பாக்குது.” கித்தேரி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “பூசை நேரத்துல என்ன இது?” என்றது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் நடுப்பாதையில் விறுவிறுவென்று வந்தார். தூண் ஓரம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் செல்போனை அவள் பக்கம் திருப்பினான்.

சாமி கையைக் காட்டி உபதேசியாரை நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“துக்கம் பேசுகிறது,” என்றார் மைக்கில், மிக மெதுவாக. “இந்தத் தாய்க்காக ஒரு நிமிடம் செபிப்போம்.”

எல்லாத் தலைகளும் குனிந்தன. கித்தேரியின் தலையும்.

அவள் மறுத்துப் பேசியதுகூடப் பிரசங்கத்துக்குள் போய்விட்டது. இனி கத்தினாலும் போகும். அழுதாலும் போகும்.

உட்கார்ந்தாள்.

விசுவாசப் பிரமாணம். மன்றாட்டு. காணிக்கைப் பாட்டு. அவள் வாய் திறக்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் கித்தேரி அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிரகாசி கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

பீடத்தின் முன்னால் நன்மை அப்பம் வாங்க வரிசை எழுந்தது.

அவள் வாசலைப் பார்த்துப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உபதேசியார் வழிவிடுவதுபோல் ஒதுங்கிக்கூட நின்றார்.

அவள் வரிசையில் போய் நின்றாள்.

நான் எதற்கு வெளியே போகவேண்டும்? இது என்ன அவர் வீட்டுச் சோறா?

முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு விலகினார்கள்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

அப்பம் அவள் கண்ணுக்கு நேரே நின்றது. கையை நீட்டினாள். ஆமென் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. பாடகர் குழு முடித்த பல்லவியை மறுபடி எடுத்தது.

“கிறிஸ்துவின் திருவுடல்,” என்றார் இன்னொரு தடவை. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆமென் சொல்லுங்கம்மா.”

“சொன்னா, அதையும் அடுத்த ஞாயித்துக்கிழம எடுத்துச் சொல்லுவீங்க.”

அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த நாளிலும் இப்படி அவர் அவள் கண்ணைப் பார்த்ததில்லை.  

அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் நகரவில்லை. அங்கேயே நின்று வாயில் போட்டாள்.

முதன்முதலாக அப்பம் பெற்று, புதுநன்மை வாங்கிய சிறுவயதில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாக்கிலேயே கரைய விடவேண்டும். பல் படக்கூடாது. பட்டால் ஆண்டவருக்கு வலிக்கும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் பல் பட்டதில்லை.

சாமியின் தோளுக்கு மேலே, பீடத்துச் சுவரில், சிலுவையில் ஆண்டவரின் பாடுபட்ட சுரூபம் தலை சாய்ந்து தொங்கியது. அவள் சாமியை விட்டுவிட்டு அதை நிமிர்ந்து பார்த்தாள்.

பார்வையை எடுக்காமல், அப்பத்தைக் கடைவாய்க்குத் தள்ளி, மென்றாள்.