விளிம்புவரை தேநீர்

நரின் நகரத் திரையரங்கில் அந்த ஆவணப்படத்தை எப்போது போட்டாலும் பெர்மெத் போய்விடுவாள். படம் பிடித்தவன் அவள் கணவன் எர்மெக். மலையிலிருந்து அவன் திரும்பவில்லை. குதிரையும் படச்சுருளும் மட்டும் திரும்பின. படத்தில் அவன் முகம் எங்கேயும் இல்லை. கடைசிக் காட்சியில் மலைமேல் இருக்கும் கூடாரத்துக்காரி ஒருத்தி தேநீரை நீட்டும்போது, வாங்கிக்கொள்ள அவன் கை மட்டும் வரும். அந்தக் கைக்காகவே அவள் படத்துக்கு நன்றி சொல்லிக்கொள்வாள்.

கூடாரத்துக்காரி எப்போதும் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவாள். இன்னும் கொஞ்ச நேரம் தங்கட்டும் என்று வீட்டார் நினைக்கும் விருந்தாளிக்கு அங்கே அப்படித்தான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், புறப்படலாம் என்று அர்த்தம்.

இன்று அவள் விளிம்புவரை ஊற்றினாள்.

பெர்மெத் பக்கத்தில் இருந்த தோழி கெஞ்சேயின் கையைப் பிடித்தாள். "பாத்தியா கெஞ்சே?"

"என்னத்தப் பாக்க? எப்பவும் இந்த இடத்துல அழுவ, இன்னைக்கு என்னடி சிரிக்கிற?"

"அனுப்பிட்டாடி, ஒருவழியா அனுப்பிட்டா. நல்லா இருக்கட்டும் மகராசி."

வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைத்தாள். கதவைத் தாழிடவில்லை. எதிர் இருக்கைக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்து, அதில் பாதி மட்டும் தேநீர் ஊற்றினாள். ரொட்டி எடுத்துக்கொண்டு திரும்பியபோது கிண்ணம் காலியாக இருந்தது.

மறுபடியும் பாதிதான் ஊற்றினாள்.