நம்ம ஆளுங்க

ஊர்வலத்துக்கு வழிவிடச் சொல்லிப் போலீஸ்காரர் பேருந்தை நிறுத்தியதுமே கண்டக்டர் தணிகாசலம் முன்படிக்கு வந்துவிட்டான். வருடாவருடம் இந்த வானவில் ஊர்வலத்தைச் செல்போனில் மட்டும், அதுவும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தவன். இன்று அது பறையடித்துக்கொண்டு கண்ணெதிரே வந்தது. பட்டுப்புடவை சரசரக்கத் திருநங்கைகள், கைகோத்துக்கொண்டு நரைத்த மீசைக்காரர்கள் இருவர், ‘இவள் என் மகள்’ என்ற அட்டையைத் தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டே ஓர் அம்மா. தணிகாசலத்தின் கால் தானாகத் தாளம் போட்டது.

“இதுங்களுக்கு ரோடு வேற கேக்குதா?” என்றார் ஒரு பயணி. எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு அவனும் கூடவே சிரித்துவைப்பான்.

“நம்ம ஆளுங்க சார். போகட்டும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. டிரைவர் மரியதாஸ் திரும்பினார். ஏழு வருடமாக ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள்.

“நம்ம ஆளுங்கன்னா?”

“நானும்தாண்ணே.”

மரியதாஸ் அவனையே பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். “பையைக் குடு.”

தணிகாசலம் தோள்பையைக் கழற்றிக் கொடுத்தான்.

“கூட்டம் தாண்டுறதுக்குள்ள வந்துரு. போ.”

குதித்து ஓடினான். நீளமான வானவில் துணியைப் பிடித்து வந்தவர்களில் ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டாள். “முதல் தடவையாண்ணா?” அவன் துணியின் விளிம்பைத் தலைக்கு மேலே தூக்கினான். ஜன்னலுக்கு ஒரு முகமாகப் பேருந்தே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று காக்கிச் சட்டையோடு ஆட ஆரம்பித்தான்.